பென்சிலால் எழுதிய எண்

மதுரை டாக்டர் நாற்பது என்றார்.
வாரத்துக்கு நாற்பது மணி நேரம்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
பஸ் பாம்பன் வந்து சேர்வதற்குள்
வியர்வையில் சைபர் அழிந்து
நாலு மட்டும் நின்றது.

நண்டுக் கம்பெனியில் எனக்கு வாரம் நாற்பத்தெட்டு.
அவித்த நண்டு, கத்தி நுனி, எஃகுத் தட்டு.
அவசரப்பட்டால் ஓட்டுச்சில்லு சதையோடு வரும்,
சூப்பர்வைசர் திருப்பித் தள்ளிவிடுவாள்.
மத்தியானம் மூணுக்கு மேல்
என் விரல்கள் என்னுடையவை இல்லை.
எனக்கு வயது முப்பத்தொன்று.
ஜெஃப்ரினுக்கு இன்னும் நாலு முடியவில்லை.

"இந்த வயசை விட்டா வராதாம்" என்றான் லியோன்.
நீரோட்டம் பார்த்து வலை இறக்குகிறவனுக்கு
யாரும் அதை விளக்க வேண்டியதில்லை.
வித்துரலாம் என்றான்,
என் கழுத்தைப் பார்க்காமல்.

கம்பெனியில் நின்றுகொண்டேன்.
ஆறு பத்து பஸ். ராமநாதபுரம். மாடி அறை.
ஹம்சத் நிஷா டீச்சர்
பலகையில் ஐந்து வட்டம் ஒட்டியிருந்தார்.
கண்ணைப் பார்த்தால் ஒரு டோக்கன்.
கையை மடியில் வைத்தால் ஒரு டோக்கன்.
ஐந்து சேர்ந்தால் சோப்பு நுரை ஊதுவார்.
நானும் டோக்கன் வாங்கித்தானே கடலுக்குப் போறேன்
என்று லியோன் சிரித்தான்.
அவனுடைய ஜன்னலில் யாரும் நுரை ஊதுவதில்லை.

மூன்றாம் வாரம் "தண்ணி" என்றான்.
என்னைப் பார்த்து. செம்பைத் தொட்டு.
இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.
மூன்றரை வருஷம்
அழுகையின் ஏற்ற இறக்கத்தை வைத்தே
பசியா, காதுவலியா,
சட்டைக் காலரின் லேபிளா என்று
இருட்டில் துழாவியவள் நான்.
அந்த ஒரு சொல்லுக்குச் சங்கிலி போதாது.

ஐந்தாம் வாரம், ஞாயிறு சாயங்காலம்,
பாலத்தில் ரயில் வந்தது.
முன்பெல்லாம் எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே
கொல்லைத் தண்ணீர்க் குழாயில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு
உடம்பெல்லாம் சிரிப்பான்.
அன்றைக்கு
மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.
கடைசிப் பெட்டி போனதும் என்னைப் பார்த்தான்,
நேராக, கண்ணுக்குள்.
டோக்கன் கேட்டான்.

திங்கட்கிழமை சண்டை போடத்தான் போனேன்.
டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார், டீ ஆறிப் போனது.
"எங்க அக்கா மகனுக்கு இருபது வயசும்மா.
இப்படி யாரும் சொல்லித் தரல.
பல்லு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம
சுவத்துல மோதிக்கிறான்.
குறைங்கன்னு என் வாயால வராது.
நாற்பதை அவனால தாங்க முடியுதான்னு
நானும் பார்க்காம விட்டுட்டேன்.
போதும்னு சொல்ல முதல்ல பழக்குவோம்.
அவன் சொன்னா நான் நிறுத்தணும்.
மணிக்கணக்கு அப்புறம்."

மேஜையை உள்ளங்கையால் ஒரு அழுத்து,
அதுதான் போதும்.
முதல் நாள் ஒரு மணி நேரத்தில் பதினேழு தடவை.
பதினேழு தடவையும் நிறுத்தினார்.
நுரை ஊதும்போதும் ஒரு தடவை அழுத்தினான்.
அதற்கும் நிறுத்தினார்.
அடுத்த வாரம் ஒன்பது.
அதற்கடுத்த வாரம் பதினொன்று, ஏன் என்று தெரியவில்லை.

இப்போது படிவம் முன்னால் இருக்கிறது.
வாரத்துக்கு எத்தனை மணி நேரம்: ஒரு கோடு.
பஸ்ஸில் போகவர மூன்று மணி,
அதற்குக் கோடு இல்லை.
தடைக்காலம் தொடங்கினால் லியோன் அறுபத்தோரு நாள் வீட்டில்.
கை சும்மா இருக்கும், பையும்.
பதினெட்டு என்று எழுதினேன்.
பென்சிலால்.

நாற்பதில் பதினெட்டு போனால் இருபத்திரண்டு.
விடிகாலை மூன்று மணிக்கு
இந்தக் கழித்தலைத் திரும்பவும் போடுகிறேன்.
"அம்மா" அந்த இருபத்திரண்டுக்குள் இருந்திருந்தால்?

நேற்று கரண்ட் இல்லை.
கொல்லையில் அவன் குழாயில் கன்னம் வைத்து நின்றான்.
மறுபக்கம் நானும் வைத்தேன்.
இரும்பு, ஈரம், கொஞ்சம் உப்பு.
அவன் சிரிக்கத் தொடங்கினான்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கன்னத்தை எடுக்கவில்லை.